துணியில் கதிர் ஒட்டாது. அவர் விரலைப் பாருங்கள்

திருச்சிப் பக்கமிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 27 வயது. நான்கு மாதக் கர்ப்பிணி. கணவர் ஆறு ஆண்டுகளாக இண்டஸ்ட்ரியல் ரேடியோகிராஃபி வேலையில் இருக்கிறார். பாய்லர் குழாய்களின் வெல்டிங் ஜாயிண்டுகளைக் காமா கேமரா வைத்து ஃபிலிம் எடுக்கும் வேலை. கேமராவுக்குள் இருக்கும் 'சோர்ஸ்' என்ற கதிரியக்கப் பொருளைக் கேபிளால் வெளியே தள்ளிப் படமெடுத்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஷாப்பில் ஆள் குறைந்த பிறகு இரவில் தொடங்கி, விடியும் நேரத்தில் வீடு திரும்புவார். கல்யாணமான புதிதில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம், அவருடைய முதல் கரு ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. உறவில் ஒருவர் "அவன் பார்க்கிற வேலைதான் காரணம்" என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிட்டது. கணவர் கொல்லைப்புறம் போய்க் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் உள்ளே வரலாம். அவர் துணிக்குத் தனி வாளி. படுக்கையும் தனி. "வளைகாப்பு வரைக்கும்கூட இங்க இருக்க வேணாம், அம்மா வீட்டுக்குப் போயிடுன்னு அத்தை சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறார். அம்மா வீடு குமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கம்.

இடையில் ஆன்லைனில் சிறிய ரேடியேஷன் மீட்டர் ஒன்றும் வாங்கியிருக்கிறார். திருச்சி வீட்டில் அது மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்) காட்டுகிறது. தூங்கும் கணவர் பக்கத்தில் வைத்தாலும் அதே 0.15. அம்மா வீட்டுக் கொல்லையில் வைத்தபோது 0.6 காட்டியதாம். "எனக்குள்ளயே ஏறிடுச்சா டாக்டர்? அயோடின் மாத்திரை போட்டா இறங்குமா?" என்று கேட்கிறார்.

ஏழாவது பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, இந்த வரிகள் இருக்கின்றன: "போன மாசம் ஒரு நைட்டு சோர்ஸ் கேமராவுக்குள்ள திரும்பாம மாட்டிக்கிச்சாம். இவரும் ஹெல்ப்பரும் கையாலயே பிடிச்சு உள்ள தள்ளிட்டாங்களாம். பேட்ஜ் (பட்ட கதிரின் அளவைப் பதிவுசெய்ய உடையில் அணிவது) அன்னிக்கு ரூம்லயே இருந்துச்சாம். யார்கிட்டயும் சொல்லலை, சொன்னா வேலை போயிடுமாம். மறுநாள் விரல் லேசா சிவந்து, அப்புறம் சரியாயிடுச்சு. இப்ப மூணு வாரம் கழிச்சு மறுபடியும் சிவந்து வீங்கித் தோல் உரியுது. சூடான பைப்பைத் தொட்டுட்டேன்னு சொல்றார்." அடுத்த வரியிலேயே, அவர் துணியை எந்தச் சோப்பில் துவைப்பது என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

இந்தப் பதில் அச்சேறும் வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தைப் படித்த அன்றே, நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அதில் சுருக்கமாகச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போலவே பயந்துகொண்டிருக்கும் வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால்தான் இதை வெளியிடச் சம்மதம் கேட்டேன்.

உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு உங்கள் கணவரால் எந்தக் கதிரும் வரவில்லை. இதை முழு உறுதியோடு சொல்கிறேன். ஆனால் அவருக்கு உடனே மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டுப் பக்கத்தில் ஏழரைப் பக்கம் துணியைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் இருக்கிறது. விரலுக்குக் கிடைத்தது நான்கைந்து வரி. நான் அந்த வரிகளிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அவர் விரல்

சூடான குழாயைத் தொட்டால் தோல் அந்த நிமிடமே சிவக்கும், சில மணி நேரத்தில் கொப்பளிக்கும், நாளாக நாளாக ஆறிக்கொண்டு வரும். கதிர் பட்ட தோல் அப்படி நடந்துகொள்வதில்லை. முதல் ஓரிரு நாளில் லேசாகச் சிவந்து மறையும். பிறகு இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். மேல்தோலைப் புதுப்பிக்கும் அடிச் செல்கள் அதற்குள் செத்திருக்கும். மேலே இருக்கும் பழைய தோல் தேய்ந்து தீரும்போதுதான், கீழிருந்து ஈடுகட்ட ஆளில்லை என்பது வெளியே தெரியும். அப்போது மறுபடியும் சிவக்கும், வீங்கும், உரியும், சில சமயம் நீர் கோக்கும். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அப்படியே இதுதான். நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்யக் கூடாது. ஆனால் சோர்ஸைக் கையால் தொட்டவர் என்று தெரிந்தபின், இதைக் கதிர்க் காயம் என்று கருதித்தான் எந்த மருத்துவரும் தொடங்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், அவரிடமும் காட்டுங்கள். வெல்டிங் சோதனைக்குப் பெரும்பாலும் இரிடியம்-192 பயன்படுத்துகிறார்கள். 30 கியூரி (சோர்ஸின் வீரியத்தைச் சொல்லும் அலகு) அளவுள்ள ஒரு சோர்ஸ் வெளியே இருக்கும்போது, அதிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 மில்லிசீவர்ட் கிடைக்கும். 1 மீட்டரில் நின்றால் அது நூறு மடங்காகி, மணிக்கு 140 மில்லிசீவர்ட். கதிர் வேலை பார்ப்பவருக்கு ஓர் ஆண்டுக்கான சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். ஒரு மீட்டரில் ஒன்பது நிமிடம் நின்றாலே அது தீர்ந்துவிடும். அதையே விரலால் பிடித்தால்? 1 சென்டிமீட்டரில் கதிர் 1 மீட்டரில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு. நொடிக்கு ஏறத்தாழ 0.4 கிரே (காமா கதிருக்கு ஒரு கிரே என்பது ஏறத்தாழ ஆயிரம் மில்லிசீவர்ட்). தோல் சிவக்க 3 கிரே போதும். அதாவது எட்டு நொடி. அவர் சோர்ஸ் இருந்த இடத்தை நேராகப் பிடித்தாரா, கேபிளைப் பிடித்தாரா, எத்தனை நொடி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சோர்ஸ் அன்று எத்தனை கியூரி இருந்தது என்பதும் பதிவேட்டில்தான் இருக்கும். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவைதான். நினைவு மங்குவதற்குள் அவர் எழுதி வைக்கட்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ என்ற இடத்தில், நீர்மின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்த வெல்டர் கீழே கிடந்த இரிடியம் சோர்ஸை ஏதோ உலோகத் துண்டு என்று எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். தொடையில் வலியும் சிவப்பும் வந்தபோது முதலில் பூச்சிக்கடி என்றுதான் நினைத்தார்கள். கடைசியில் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் கணவர் தொட்டது சில நொடிகள், அந்த மனிதர் சுமந்தது பல மணி நேரம். இரண்டும் ஒன்றல்ல, உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. பூச்சிக்கடி என்றும் சூடு பட்டது என்றும் காரணம் சொல்லிக் கழித்த நாட்கள் திரும்பக் கிடைக்காது என்பதற்காகச் சொன்னேன்.

செய்ய வேண்டியவை:

- பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, உடனே அழைத்துப் போங்கள். "பைப் சுட்டுவிட்டது" என்று சொல்ல வேண்டாம். "இரிடியம்-192 சோர்ஸைக் கையால் தொட்டேன், இன்ன தேதி, இத்தனை நொடி" என்று சொல்லட்டும். மருத்துவர்களில் பலர் இந்தக் காயத்தைத் தம் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். சொன்னால்தான் அவர்களும் சரியான இடத்தில் ஆலோசனை கேட்பார்கள்.
- விரல்களைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். பற்பசை, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அந்தக் கை சூட்டிலும் சிமென்ட்டிலும் எண்ணெயிலும் படக் கூடாது. புகைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். ரத்தக் குழாய் சுருங்கினால் இந்தக் காயம் ஆறாது. அவசரப்பட்டுத் தோலைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பவும் சம்மதிக்க வேண்டாம். அந்த வெட்டே புண்ணாகி நிற்கலாம்.
- ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை பார்க்க வேண்டும். குரோமோசோம் ஆய்வு என்று ஒன்றும் உண்டு. உடல் முழுவதும் கணிசமான கதிர் பட்டிருந்தால், பேட்ஜ் இல்லாவிட்டாலும் வெள்ளை அணுக்களில் உள்ள சிதைந்த குரோமோசோம்களை எண்ணி அளவைக் கணிக்கலாம். மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதைச் செய்கிறது. ஆனால் விரல் நுனியில் மட்டும் பட்ட கதிரை ரத்தம் காட்டிக்கொடுக்காமல் போகலாம். ரத்தம் நார்மல் என்று வந்தால் விரலை விட்டுவிடக் கூடாது.

வெயிலும் மஞ்சளும்

இப்போது உங்கள் வாளிக்கு வருகிறேன்.

வெயிலில் காய்ந்த சட்டையை எடுத்து வந்து பீரோவில் வைக்கிறீர்கள். பீரோவுக்குள் வெயில் அடிக்கிறதா? மஞ்சள் பட்ட சட்டையை மற்ற துணியோடு போட்டால் எல்லாவற்றிலும் மஞ்சள் ஏறுகிறது அல்லவா? கதிர் விஷயத்தில் இந்த இரண்டும் தனித்தனி. காமா கதிர் வெயில் மாதிரி. பட்ட நேரத்தில் பட்டது, போனது போனதுதான். இரிடியத்தின் காமா கதிர் துணியையோ தோலையோ சாப்பாட்டையோ கதிரியக்கமுள்ளதாக மாற்றாது. அதற்கு அந்த ஆற்றலே கிடையாது. கதிரியக்கப் பொருள் தூளாகவோ திரவமாகவோ சிந்தினால்தான் அது மஞ்சள் மாதிரி ஒட்டும், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். உங்கள் கணவர் வேலை செய்யும் சோர்ஸ், எஃகு உறைக்குள் வைத்து வெல்டு செய்து மூடப்பட்ட சின்ன வில்லைகள். அது கசிகிறதா என்று சோதிக்கவும் தனி முறை உண்டு.

உங்கள் மாமியாரின் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. என் துறை அணு மருத்துவம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின்-131 கொடுக்கிறோம். அந்த நோயாளியின் உடலுக்குள்ளேயே மருந்து இருப்பதால், அவரிடமிருந்து சில நாட்கள் கதிர் வெளிவரும்; வியர்வையிலும் சிறுநீரிலும் மருந்தும் வரும். அதனால் தனி அறை, தனிக் கழிவறை, வீட்டுக்குப் போன பிறகும் சில நாட்கள் தனிப் படுக்கை, துணியைத் தனியாகத் துவைப்பது, கர்ப்பிணிகளிடமிருந்து விலகி இருப்பது என்று நானே எழுதிக் கொடுக்கிறேன். எட்டு நாளில் அந்த அயோடினின் வீரியம் பாதியாகும், இன்னும் எட்டு நாளில் அதில் பாதி. யாரோ ஒருவருக்கு இப்படிச் சொன்னதைக் கேட்டிருந்தால், 'கதிர் வேலை' என்றதும் உங்கள் மாமியார் இதைத்தான் நினைத்திருப்பார். அவர் உங்கள் நலனுக்காகச் சொன்னதுதான். ஆனால் அந்த விதி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. தனி வாளியை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போல் வாசல் வழியாக வரட்டும், உங்கள் பக்கத்திலேயே படுக்கட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சோர்ஸே கழன்று வீட்டுக்கு வந்துவிடுவது. 1984-ல் மொரோக்கோவில் முகம்மதியா என்ற ஊரில், கேமராவிலிருந்து கழன்று விழுந்த இரிடியம் சோர்ஸ் ஒன்றைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவரும் குடும்பத்தாருமாக எட்டு பேர் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2010-ல் டெல்லி மாயாபுரியில், பழைய ஆய்வுக்கூடக் கருவி ஒன்று இரும்புக் கடைக்குப் போய்ச் சேர, அதிலிருந்த கோபால்ட்-60 ஒருவர் உயிரைப் பறித்தது, இன்னும் சிலரைக் கடுமையாகப் பாதித்தது. தரையில் கிடக்கும் பளபளப்பான சிறு உலோகத் துண்டை எடுக்கக் கூடாது என்று இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உங்கள் மீட்டர் வீட்டில் 0.15 காட்டுகிறது, அப்படி எதுவும் உங்கள் வீட்டில் இல்லை.

போன வருடத்துக் கரு

இதை எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

தெரியவரும் கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தானாகக் கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைவனவற்றில் ஏறக்குறையப் பாதி, கரு உருவாகும் நேரத்திலேயே குரோமோசோம் கணக்குத் தவறிப்போனவை. நீங்கள் ஓடியதோ, சாப்பிட்டதோ, அவர் பார்த்த வேலையோ காரணமில்லை. தந்தை கதிர் வேலை பார்ப்பதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த 70,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். பெற்றோர் வாங்கிய கதிரால் அந்தப் பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறு அதிகமானதாகக் கண்டறிய முடியவில்லை. குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றிலேயே இருந்த குழந்தைகளின் கதை வேறு. அவர்களில் சிலருக்கு, குறிப்பாக 8 முதல் 15 வாரக் கருவாக இருந்து அதிகக் கதிர் பட்டவர்களுக்கு, மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. அது குழந்தை மீதே நேராகப் பட்ட கதிர். உங்கள் குழந்தை மீது அப்படி எதுவும் படவில்லை.

உறவினர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை ஒரு வருடமாக நீங்கள் இருவரும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அவர் கொல்லைப்புறம் குளிக்கும்போது என்ன நினைத்துக்கொண்டு குளிக்கிறார் என்று யோசித்தீர்களா? தன் குழந்தையைத் தானே கொன்றுவிட்டதாக நம்புகிற மனிதர் தன் விரலுக்கு வைத்தியம் கேட்க மாட்டார். இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்த மீட்டரும் அம்மா வீடும்

மீட்டர் எங்கே வைத்தாலும் எதையாவது காட்டும். பூமியில் கதிர் இல்லாத இடமே கிடையாது. கருங்கல்லில் இருக்கிறது, வானத்திலிருந்து வருகிறது, நம் உடம்பிலேயே இருக்கிறது. வளர்ந்த ஒரு மனிதரின் உடலில் உள்ள இயற்கைப் பொட்டாசியத்தில் நொடிக்கு 4,000 அணுக்களுக்கு மேல் சிதைந்துகொண்டே இருக்கின்றன. உலகச் சராசரியாக ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது.

கணவர் பக்கத்தில் 0.15, அவர் இல்லாதபோதும் 0.15 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கு அந்த மீட்டர் அப்போதே பதில் சொல்லிவிட்டது.

அம்மா வீட்டில் 0.6 காட்டியதற்குக் காரணம் மண். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே மக்கள் வாழ்கிறார்கள், நீங்களும் அங்கேதான் பிறந்து வளர்ந்தீர்கள். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து, 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர் கூடுதலாக இருப்பதால் அங்கே புற்றுநோய் அதிகமாகவில்லை என்று கண்டார்கள். ஆகவே பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள். கணவரிடமிருந்து தப்பிப்பதற்காகப் போக வேண்டாம், அவ்வளவுதான். உங்கள் உடம்பில் எதுவும் 'ஏறவில்லை'.

அயோடின் மாத்திரை வேண்டவே வேண்டாம். அணு உலை விபத்தில் கதிரியக்க அயோடின் காற்றில் கலந்தால், அது தைராய்டுக்குள் போகாமல் இடத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பதற்கான மாத்திரை அது. இரிடியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்ப காலத்தில் அளவு மீறிய அயோடின் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கும். சமையலுக்கு அயோடின் உப்பு போதும்.

அந்த மீட்டரைப் பற்றி இன்னொன்று. உங்கள் கணவர் இதை ஷாப்புக்கு எடுத்துப் போகக் கூடாது. இந்த வகைச் சிறு கருவிகள் பலமான சோர்ஸுக்குப் பக்கத்தில் திணறிப்போய்க் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டக்கூடும். அதை நம்பிப் பக்கத்தில் போனவர் என்ன ஆவார்? வேலைக்கு, அளவு சரிபார்த்துச் சான்று பெற்ற சர்வே மீட்டர்தான்.

பேட்ஜ் ஏன் அறையில் இருக்கிறது

அளவு ஏறினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், ஷாட் (எடுக்கும் ஃபிலிம்) கணக்கில் வரும் காசு போய்விடும், அதனால் பேட்ஜை அறையில் வைத்துவிட்டுப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கம் எனக்குப் புதிதல்ல. வீட்டு வாடகையையும் பிரசவச் செலவையும் நினைத்து ஒருவர் அப்படிச் செய்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேட்ஜ் கவசம் அல்ல, கணக்குப்பிள்ளை. அதற்குள் இருக்கும் மூன்று சிறு வில்லைகள் தம்மேல் பட்ட கதிரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் சூடாக்கும்போது, பட்ட அளவுக்கு ஒளியாகத் திருப்பித் தரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்து, தேசியப் பதிவேட்டில் அவர் பெயரில் ஏற்றுகிறார்கள். பேட்ஜ் அறையில் இருந்தால் கதிர் குறைவதில்லை. கணக்கு மட்டும்தான் காணாமல் போகிறது. நாளை அவருக்கு ஏதாவது நோய் வந்து இழப்பீடு கேட்டால் என்ன நடக்கும்? அயனியாக்கும் கதிரால் வரும் நோய்கள் சட்டத்தின் தொழில்வழி நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் "ஆறு வருடமாக இவருக்கு ஒன்றுமே படவில்லையே" என்று அவருடைய பதிவே அவருக்கு எதிராக நிற்கும். காசு போகக் கூடாது என்று செய்தது, கேட்க உரிமையுள்ள பெரிய தொகையைக் கைவிட்டதாக முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது. கைகளுக்குத் தனியாக ஆண்டுக்கு 500. கதிர் வேலை பார்ப்பவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை நடத்துவது முதலாளியின் கடமை என்று 2004-ஆம் ஆண்டின் கதிரியக்கப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. தன் பேட்ஜ் அளவைத் தெரிந்துகொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதே விதிகள், கொடுத்த பேட்ஜை அணிவதும் விபத்து நடந்தால் தெரிவிப்பதும் தொழிலாளியின் பொறுப்பு என்றும் சொல்கின்றன. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

யாரிடம் சொல்வது

சோர்ஸ் மாட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் எதிர்பார்க்கப்படும் ஒன்றுதான். அப்படி ஆனால் விலகிப் போய், கயிறு கட்டி ஆட்களைத் தடுத்து, கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து ஈயத் தடுப்பு வைத்து, நீண்ட இடுக்கியால் எடுப்பார். கையால் எடுக்கவே கூடாது. அன்று இரவு சர்வே மீட்டர் அவர்கள் கையில் இருந்ததா? உலகெங்கும் இந்தத் தொழிலில் நடந்த விபத்துகளில் பெரும்பாலானவை, சோர்ஸ் உள்ளே போய்விட்டதா என்று மீட்டரை வைத்துப் பார்க்காமல் கேமராவை நெருங்கியதால் நடந்தவை. மீட்டர் கொடுக்கப்படவில்லை என்றால் அது அவர் தவறு மட்டுமில்லை.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் தெரிவிப்பது முதல் வழி. இந்த மாதிரிச் சம்பவத்தை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமை. வாரியம் தலையிட்டால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மருத்துவ ஆலோசனையும் குரோமோசோம் ஆய்வும் எளிதாகும். கம்பெனி காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் வாரியத்துக்கே நேரடியாக எழுதலாம். தலைமையகம் மும்பையில், தென்மண்டல மையம் சென்னையில். மூன்றாவது வழி, எதையும் சொல்லாமல் இந்த வேலையை விட்டுவிடுவது. எனக்கு முதல் வழியில்தான் நம்பிக்கை. அதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். விசாரணை வரும். பேட்ஜ் ஏன் அணியவில்லை என்று கேட்பார்கள். சில காலம் கேமராவைத் தொட அனுமதி மறுக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டால், மருத்துவச் செலவும் ஊன வாய்ப்பும் முழுக்க உங்கள் தலையில். அடுத்த மாதம் அதே கேபிளில் அதே இடத்தில் சோர்ஸ் இன்னொருவரிடம் மாட்டிக்கொள்ளும்.

வேலையை விடச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் நீராவி ஓடும் குழாயில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலைப் பிடித்துக்கொடுக்கிற வேலை அது. அந்த ஃபிலிமை நம்பித்தான் பாய்லர் பக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். தூரம், தடுப்பு, நேரம் மூன்றையும் மதித்து, மீட்டரோடும் பேட்ஜோடும் பார்த்தால் ஓய்வுபெறும் வரை நலமாகப் பார்க்கக்கூடிய வேலை. விரல் ஆறும் வரை கதிர் வேலை கூடாது. அந்த மாதங்களில் அல்ட்ராசோனிக் சோதனை, மேக்னடிக் பார்ட்டிகிள், டை பெனட்ரன்ட், ஃபிலிம் படித்து முடிவு சொல்வது என்று இதே துறையில் கதிரில்லாத வேலைகள் இருக்கின்றன. ஆறு வருட அனுபவம் உள்ளவருக்கு அதற்கான சான்றிதழ் எட்டாததில்லை. அதற்கு மாறலாமா என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு நீங்களும் கூடப் போகலாம். அவர் உடலிலிருந்து எந்தக் கதிரும் வராது. ஆகவே டாக்டரோ நர்ஸோ பயந்து தள்ளி நின்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு எக்ஸ்ரே எடுக்கும் சில நிமிடம் மட்டும் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். வீட்டில் கட்டு மாற்றும்போது கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். உங்கள் கையிலுள்ள கிருமி அவர் புண்ணுக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான். அன்று இரவு கூட இருந்த அந்த ஹெல்ப்பர் பையனின் விரலையும் யாராவது பார்த்தார்களா? அவனையும் உங்களோடு அழைத்துப் போங்கள்.